கட்டியில் மை பட்டிருக்கிறதா?



காரைக்குடி வாசகி ஒருவர், தன் தாயாரின் பேதாலஜி ரிப்போர்ட் நகலை அனுப்பியிருந்தார். பரவும் வகை மார்பகப் புற்று. மார்பை வைத்துக்கொண்டு கட்டியை மட்டும் எடுத்திருக்கிறார்கள். ஒரு வரிக்கு அடியில் மட்டும் பேனாவால் இரண்டு கோடு: 'பின்பக்க மார்ஜின் 1 மி.மீ.' "இத்தனூண்டுதானா? ஆத்தாவை மறுபடியும் ஆபரேஷனுக்குப் படுக்க வைக்கணுமா?" என்று கேட்டிருந்தார்.

கத்தரிக்காயில் சொத்தை இருந்தால், சுற்றியுள்ள நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்தே வெட்டி எறிகிறோம். அந்த நல்ல சதையின் அகலம்தான் மார்ஜின். எடுத்த சதையில் எது மேல்பக்கம், எது வெளிப்பக்கம் என்று தெரிய சர்ஜன் தையல் நூலால் அடையாளம் வைத்து அனுப்புவார். லேபில் அதன் மேற்பரப்பு முழுக்க மை தடவுவார்கள். பக்கத்துக்கு ஒரு நிறம் பூசுவதும் உண்டு. ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, மெல்லிய சீவலாகி மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வரும்போதும் மை அழியாது. புற்றுச் செல் மையைத் தொட்டிருந்தால் மார்ஜின் 'பாசிடிவ்'. (அது நல்ல சேதி அல்ல, 'பாசிடிவ்' என்று படித்து நிம்மதியானவர்களும் உண்டு.)

எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே வெகுகாலம் இழுபறி. பரவும் வகைக்கு, கதிர்வீச்சும் கொடுப்பதானால், கட்டியில் மை படாமலிருந்தாலே போதும் என்று 2014-ல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் நெறி வகுத்தன. பால் நாளத்துக்குள்ளேயே அடங்கிய டி.சி.ஐ.எஸ். மட்டும் இருந்தால் 2 மி.மீ. என்றது 2016-ன் நெறி. நாளத்துக்குள் அது விட்டுவிட்டும் ஊரும் என்பதால் இந்தக் கூடுதல் எச்சரிக்கை.

ஆக, அந்த 1 மி.மீ.யைப் பார்த்தே பயப்பட வேண்டியதில்லை. பின்பக்கம் நெஞ்சுத் தசையின் உறைவரை எடுத்தாயிற்றென்றால், அங்கே மேற்கொண்டு எடுக்க மார்புத் திசுவே கிடையாது. உறையையும் எடுத்தீர்களா என்று சர்ஜனிடம் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டைச் சுற்றுக்கு விட்டால் பதில் கிடைக்காது, பீதிதான் கிடைக்கும்.

இன்னொரு டாக்டரின் கருத்தும் வேண்டுமென்றால் மதுரை இருக்கிறது, சென்னையில் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த நம் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் தொடங்கியது அந்த அடையாறு ஆஸ்பத்திரி. சென்னைக்கு அதிகாலைப் பல்லவன் ரயிலில் ஏறுமுன் ஒன்று செய்யுங்கள். காகிதத்தை மட்டும் எடுத்துப் போனால் அங்கே மறுபடி பார்த்துச் சொல்ல முடியாது. லேபில் கேட்டு ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்