சூறைக்காற்றும் சூறையாடலும்

தமிழில் ‘சூறை’ என்னும் சொல்லுக்குச் சுழன்றடிக்கும் காற்று என்றும் கொள்ளை என்றும் இரு பொருளுண்டு. 2005 ஆகஸ்ட் 29 அன்று கேட்ரீனா புயல் அமெரிக்காவின் லூசியானா கரையைத் தாக்கியபோது, அந்நாட்டுத் தொலைக்காட்சிகள் முதற்பொருளை இரண்டே நாளில் கைவிட்டு இரண்டாவதைப் பற்றிக்கொண்டன.

நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஏறத்தாழ 80 விழுக்காட்டை நீரில் ஆழ்த்தியவை உடைந்த வெள்ளத்தடுப்புச் சுவர்கள். அவற்றைக் கட்டியது இராணுவப் பொறியாளர் படை. கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருந்தது. ஆனால் அதற்குப் பரபரப்பான படம் ஏது? கடையிலிருந்து பையோடு வெளியேறுபவனுக்குப் படம் இருந்தது.

அவ்வாரம் வெளியான இரு நிழற்படங்களைப் பலரும் அறிவர். இரண்டிலும் மார்பளவு நீர். இரண்டிலும் கையில் உணவு. கறுப்பின இளைஞர் ‘கொள்ளையடித்தார்’, வெள்ளையர் இருவர் ‘கண்டெடுத்தனர்’ என்றன குறிப்புகள். இளைஞர் கடைக்குள் சென்றதைத் தாம் பார்த்ததாக ஒரு படக்கலைஞரும், பொருள்கள் வெளியே மிதந்து வந்ததாக மற்றவரும் விளக்கினர். இருக்கட்டும். பசித்தவன் ரொட்டி எடுப்பதற்கு எந்த வினைச்சொல்லைத் தேர்வது என்பது கண்ணால் கண்டதைப் பொறுத்தது மட்டுமா?

வினைச்சொல்லுக்கு விலையுண்டு. ஆகஸ்ட் 31 இரவு, மேயர் ரே நேகின் ஏறத்தாழ 1,500 காவலர்களை மீட்புப்பணியிலிருந்து விலக்கிக் கொள்ளையைத் தடுக்க அனுப்பினார். கூரைகளில் மக்கள் இன்னும் காத்திருந்த நேரம் அது. ஈராக்கிலிருந்து திரும்பிய வீரர்கள் வந்திருக்கிறார்கள், அவர்களுக்குச் சுடவும் கொல்லவும் தெரியும் என்று ஆளுநர் கேத்லீன் பிளாங்கோ எச்சரித்தார். எச்சரிக்கப்பட்டவர்கள் யார்? குடிநீருக்குத் தவித்தவர்களும்தாமே!

பல்லாயிரவர் தஞ்சமடைந்திருந்த சூப்பர்டோம் அரங்கினுள் கொலைகளும் வன்புணர்ச்சிகளும் மலிந்தன என்று செய்திகள் பெருகின. மேயரும் காவல்துறைத் தலைவர் எடி காம்பஸும் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியிலேயே அவ்வாறு கூறினர். அதிகாரிகள் சொன்னதைத்தானே வெளியிட்டோம் என்பது ஊடகங்களின் வாதம். மின்சாரமும் தொலைபேசியும் அற்ற இருளில் வதந்தி பிறப்பது இயல்பு. அதை நான் குறைகூற மாட்டேன். ‘நேரில் கண்டவர் யார்?’ என்று வெளிச்சத்தில் அமர்ந்திருந்தவர்கள் கேட்டிருக்க வேண்டாமா?

கேட்டது உள்ளூர் நாளிதழான ‘டைம்ஸ்-பிக்கயூன்’. முன்பு அதுவும் சில வதந்திகளை அச்சிட்டதுதான். செப்டம்பர் 26 அன்று அது வெளியிட்ட விசாரணையின்படி, சூப்பர்டோமில் கிடைத்த உடல்கள் ஆறு: நால்வர் இயற்கை மரணம், ஒருவர் போதைப்பொருள் மிகுதியால், ஒருவர் தற்கொலை. அரங்கினுள் கொலை என்று ஒன்றுகூட இல்லை. அதற்குள் கேமராக்கள் பெரும்பாலும் வேறிடம் பெயர்ந்திருந்தன.

செப்டம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில் காவலர்கள் சுட்டதில் இருவர் மாண்டனர், நால்வர் காயமுற்றனர். ஆயுதந்தாங்கியவர்களைச் சுட்டதாகவே முதற்செய்திகள் கூறின, கேட்டவர்கள் வியப்படையவில்லை. சுடப்பட்ட அறுவரிடமும் ஆயுதம் இல்லை. அவ்வழக்கில் முன்னாள் காவலர் ஐவர் குற்றத்தை ஒப்புக்கொண்டது 2016இல்.