கழுநீர்ப் பானையும் அரவை எந்திரமும்

வெளிநாட்டில் சில காலம் வாழ்ந்து திரும்பியோர் அதிராம்பட்டினத்தில் எழுப்பும் வீடுகள் சிலவற்றில், பாத்திரம் துலக்கும் தொட்டிக்கு அடியில் ஓர் எந்திரம் தொங்குகிறது. மிச்சம் மீதியை அரைத்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும் எந்திரம் அது. அமெரிக்காவின் ரசீன் நகரில் ஜான் ஹேம்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் 1927இல் உருவாக்கியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைக்கும். பிறகு முனகும், கசியும். பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்ற கேள்வி அப்போது எழுகிறது.

இதற்கு விடை எளிது. உறுமிக்கொண்டு சுழலாமல் நின்றால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து, அடிப்புறத் துளையில் ஆலன் கீயை இட்டுத் திருகினால் பெரும்பாலும் விடுபடும். மேலே தொட்டியோடு சேரும் இடத்தில் கசிந்தால் இறுக்கிப் பார்க்கலாம். அடிப்பாகத்திலிருந்தே நீர் சொட்டினால் அதன் ஆயுள் முடிந்தது.

அந்த இடத்தில் எதை வைப்பது என்பதே கடினமான கேள்வி. அந்த எந்திரத்தில் கத்தி இல்லை. சுழலும் தட்டு கழிவை வீசிப் பல்வளையத்தில் மோதித் தேய்க்கிறது. நார் அதில் சுற்றிக்கொள்ளும். சோறு குழாயில் பசையாய் ஒட்டும். முருங்கைச் சக்கையும் வாழைப்பூ மடலும் தேங்காய் நாரும் பழைய சோறுமாகிய நம் அடுக்களைக்கு அது எப்படிப் பொருந்தும்?

வடிகால் தாங்காது என்று அஞ்சி நெடுங்காலம் தடுத்து வைத்திருந்த நியூயார்க் நகரம், சோதித்துப் பார்த்த பின்னரே 1997இல் தடையை நீக்கியது. அங்கே அரைத்த கழிவு சுத்திகரிப்பு நிலையம் சேர்கிறது. செப்டிக் டேங்க் உள்ள வீட்டிலோ அது டேங்கில் படிந்து, விரைவில் அதை நிரப்புகிறது. நிரம்பியதை அள்ள யாரோ ஒருவர் வரவேண்டும். மனிதரைப் பாதுகாப்பின்றி அதில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. மரணங்கள் நின்றுவிடவில்லை. நம் வசதியின் விலையை இன்னொருவர் உயிரால் செலுத்தும் ஏற்பாட்டை நாகரிகம் என்பது தகுமா?

கழுநீர்ப் பானை இருந்த வீட்டில் தோலும் கழுநீரும் மாட்டுக்குப் போயின. இன்று மாடில்லை, மூடியிட்ட ஒரு தொட்டி போதும். காய்ந்த சருகோ தென்னைநார்த் துகளோ மேலே தூவிவந்தால் நாற்றம் அடங்கும். இரண்டு மூன்று மாதத்தில் எருவாகும். கொல்லை இல்லாதோர் ஈரக் கழிவைப் பிரித்துக் கொடுக்கலாம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் கேட்டதும் அதைத்தான்.

எந்திரம் கசியட்டும், கழற்றிவிடுங்கள். அந்த இடத்துக்குப் புதியதொன்று வேண்டியதில்லை.