குரல் திரும்பி வரவே இல்ல… அதனாலதான் இந்தக் கதை

போன செமஸ்டர் லீவுக்கு என் ரூம்மேட் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அம்மா இருபது வருஷமா சர்ச் பாடகர் குழுவுல பாடினவங்க. தைராய்டு ஆபரேஷனுக்கு அப்புறம் குரல் கரகரன்னு ஆகிடுச்சு. குரல்வளைக்குப் போற நரம்பு தைராய்டு சுரப்பியை ஒட்டியே போகுது, அது பாதிக்கப்பட வாய்ப்பு இருக்குன்னு டாக்டர் முன்னாடியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருக்கார். அதனால அந்த வீட்ல ஆபரேஷன் பண்ணினவங்க மேல யாருக்கும் கோபம் இல்ல.

எனக்குக் கோபம் வந்தது வேற இடத்துல. நான் இருந்த ரெண்டு நாள்ல ஆன்ட்டியைப் பார்க்க மூணு பேர் வந்தாங்க. மூணு பேரும் சொன்னது ஒரே விஷயம்: "இன்னும் விசுவாசத்தோட ஜெபம் பண்ணுங்கக்கா, கண்டிப்பா குரல் வந்துடும்." ஒருத்தர் இன்னும் ஒரு படி மேல போய், "டாக்டரை நம்புறீங்களா, ஆண்டவரை நம்புறீங்களா?"ன்னே கேட்டுட்டார். அவங்க கிளம்பினதும் ஆன்ட்டி காபி டம்ளர்களை எடுத்துக்கிட்டே என்கிட்ட கேட்டாங்க: "அப்போ இத்தனை நாள் நான் பண்ணினது என்ன ஜெபம் தம்பி?" அடுத்த வாரம் அவங்க குரல் பயிற்சிக்குப் போகலன்னு ரூம்மேட் சொன்னான்.

நான் கிறிஸ்தவன் இல்ல. ஆனா இது எனக்குப் புதுசும் இல்ல. எங்க பக்கம் யாருக்காவது நோய் இழுத்துக்கிட்டே போனா, "குலதெய்வத்துக்கு என்ன குறை வெச்சீங்க?"ன்னு கேக்க ஒரு ஆள் எப்பவும் இருப்பார். கேள்வி அதேதான், சாமி மட்டும் வேற.

ஆன்ட்டிக்கு அன்னைக்கு என்னால பதில் சொல்ல முடியல. ஹாஸ்டலுக்குத் திரும்பின பிறகு, ரூம்மேட்டோட ஹார்ட் டிஸ்க்ல கிடந்த பழைய பாட்டுகள் வழியா ஒரு ஆளைத் தெரிஞ்சுக்கிட்டேன். அவருக்கும் போனது குரல்தான்.

காலேஜ் பேண்டா ஆரம்பிச்சது

அமெரிக்காவுல கென்டக்கி மாநிலம், கிரேசன்ங்கிற சின்ன ஊர். அங்க கென்டக்கி கிறிஸ்டியன் காலேஜ். 1980-களோட பின்பாதியில அங்க படிச்ச பசங்க சில பேர் சேர்ந்து ஒரு பேண்ட் ஆரம்பிச்சாங்க. பாடினது மார்க் ஸ்டூவர்ட், பாஸ் கிட்டார் வில் மெக்கினிஸ். அப்புறம் பாப் ஹெர்ட்மன்ங்கிற பையன் தான் எழுதின பாட்டுகளோட வந்து சேர, பேண்டோட பேர் 'ஆடியோ அட்ரினலின்' ஆச்சு. 1992-ல முதல் ஆல்பம். 1993-ல வந்த 'டோன்ட் சென்சார் மீ' ஆல்பத்துல இருந்த 'பிக் ஹவுஸ்' பாட்டு பெரிய ஹிட். நம்ம கல்ச்சுரல்ஸ்ல ஆம்ப்ளிஃபையருக்காக அடிச்சுக்கிற பேண்டுகள் மாதிரிதான் அவங்களும் ஆரம்பிச்சிருப்பாங்க.

கிறிஸ்டியன் ராக்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு: டிஸ்டார்ஷன் கிட்டாரும் டிரம்ஸும் எந்த ராக் பேண்டுலயும் இருக்குறதுதான். வரிகள்ல விஷயம் மட்டும் விசுவாசம். 1969-ல லாரி நார்மன் மாதிரி ஆட்கள் தொடங்கி வெச்சப்போ "ராக் சாத்தானோட இசை"ன்னு எதிர்த்த சபைகள் நிறைய. ஆடியோ அட்ரினலின் வந்த காலத்துல அதுவே ஒரு பெரிய சந்தையா ஆகியிருந்தது. அந்தச் சந்தையில மேல ஏறினவங்க இவங்க. 2004-ல 'வேர்ல்ட்வைட்' ஆல்பத்துக்கு, ராக் காஸ்பல் பிரிவுல கிராமி விருது கிடைச்சது.

ஆனா மேடையில நின்ன மார்க்கோட குரல் அதுக்குள்ளயே கைவிட ஆரம்பிச்சிருந்தது.

மோட்டார் ஓகே, கன்ட்ரோல் சிக்னல்தான் தப்பு

அவருக்கு வந்தது ஸ்பாஸ்மோடிக் டிஸ்ஃபோனியா. அரிதான நோய். ராபர்ட் கென்னடி ஜூனியர் பேசுறதை நியூஸ்ல கேட்டிருந்தா, அந்த நெரிபட்ட நடுங்குற குரல் ஞாபகம் இருக்கும். அதே நோய்தான்.

நாம பேசும்போது தொண்டையில இருக்குற ரெண்டு குரல் மடிப்புகள் ஒட்டி ஒட்டிப் பிரியுது. சாதாரணமா பேசுற ஒரு ஆணுக்கு இது விநாடிக்குச் சுமார் 100-லிருந்து 130 தடவை நடக்குது. இந்த நோய்ல அந்த மடிப்புகளை இயக்குற தசைகள் நம்ம கட்டுப்பாட்டுல இல்லாம வெட்டி வெட்டி இழுக்குது. பெரும்பாலானவங்களுக்கு மடிப்புகள் தேவைக்கு மேல இறுகிப்போய், வார்த்தை பாதியிலயே நெரிபடுது.

இதுல கொடுமை என்னன்னா, கேமராவை உள்ள விட்டுப் பார்த்தா மடிப்புகள் பெரும்பாலும் நல்லாவே தெரியும். கட்டி இல்ல, புண் இல்ல. கன்ட்ரோல் சிஸ்டம் படிக்கிறவங்களுக்குச் சட்டுனு புரியும்: மோட்டார்ல கோளாறு இல்ல, மூளையில இருந்து வர்ற சிக்னல்லதான் கோளாறு. அதனாலேயே ரொம்ப காலம் இதை 'மனப் பிரச்சினை', 'டென்ஷன்'னு ஒதுக்கியிருக்காங்க. நோயோட அவஸ்தை ஒரு பக்கம், "உனக்கு ஒண்ணுமில்ல"ங்கிற பட்டம் இன்னொரு பக்கம்.

முழுசாக் குணமாக்குற மருந்து இன்னைக்கு வரைக்கும் இல்ல. பொட்டுலினம் நச்சை (அதாங்க, போடாக்ஸ்) ரொம்பச் சின்ன அளவுல குரல்வளைத் தசையில ஊசியா போடுவாங்க. தசை கொஞ்சம் தளரும், பேச்சு கொஞ்சம் சீராகும். சில மாசத்துல அதோட வேலை தீர்ந்துடும், திரும்பவும் ஊசி. பேசவே இந்தப் பாடுன்னா, ராத்திரிக்கு ராத்திரி ராக் மேடையில கத்திப் பாடுற ஆளோட நிலைமையை நினைச்சுப் பாருங்க.

ஆரோன் மாதிரி ஒரு கிட்டாரிஸ்ட்

இங்க அந்த பேண்ட் செஞ்சது எனக்குப் பிடிச்சிருக்கு. பிரச்சினையை மூடி மறைச்சு ஓட்டல. பிந்தைய ஆல்பங்கள்ல கிட்டாரிஸ்ட் டைலர் பர்க்கம் மேல மேல நிறையப் பாட்டுகளைப் பாட ஆரம்பிச்சார். பைபிள்ல ஒரு கதை உண்டு. மோசே தனக்கு வாய் திக்கும்னு சொல்லித் தயங்குறார். அவர் வாயைச் சரி பண்ணிக் கொடுத்ததா அந்தக் கதையில வராது. அவருக்காகப் பேச அண்ணன் ஆரோன் கூட வர்றார். ரூம்மேட் இதைச் சொன்னப்போ எனக்கு டைலர்தான் ஞாபகம் வந்தார்.

2006 ஜனவரியில பேண்ட் ஓய்வை அறிவிச்சது. முக்கியக் காரணம் மார்க்கோட குரல்னு வெளிப்படையாவே சொன்னாங்க. அடுத்த மாசமே 'அன்டில் மை ஹார்ட் கேவ்ஸ் இன்' ஆல்பத்துக்கு ரெண்டாவது கிராமி. கையில விருது, தொண்டையில குரல் இல்ல. 2007 ஏப்ரல் 28-ல ஹவாயில் ஹொனலூலுல கடைசிக் கச்சேரி. 2012-ல பேண்ட் மறுபடி தொடங்கினப்போகூட மைக் பிடிச்சது கெவின் மேக்ஸ்தான். மார்க்குக்கு அந்தப் பழைய குரல் திரும்பி வரவே இல்ல.

இந்த நேரத்துல யோசிச்சுப் பாருங்க. ஊர் ஊரா போய் விசுவாசத்தைப் பாடினவர். அவருக்காக ஜெபம் பண்ண எவ்வளவு ரசிகர்கள் இருந்திருப்பாங்க! 'விசுவாசம் குறைவு'ங்கிற கணக்கு உண்மையா இருந்தா, இந்த ஆளுக்குக் குரல் வந்திருக்க வேண்டாமா?

இன்னொருத்தருக்கு வந்ததே?

"மச்சி, குணமானவங்களும் இருக்காங்கல்ல?"ன்னு கேப்பீங்க. இருக்காங்க.

'சூப்பர்நேச்சுரல்' சீரியல் பார்த்தவங்களுக்கு 'கேரி ஆன் வேவர்ட் சன்' பாட்டு மனப்பாடமா இருக்கும். அதை எழுதினவர் கான்சாஸ் பேண்டோட கெர்ரி லிவ்கிரன். 'டஸ்ட் இன் தி விண்ட்' பாட்டும் அவரோடதுதான். 1979-ல கிறிஸ்தவரா மாறி, பிறகு கான்சாஸை விட்டு விலகி கிறிஸ்டியன் ராக் பக்கம் போனவர். 2009 செப்டம்பர்ல அவருக்குக் கடுமையான பக்கவாதம். பேச்சே போச்சு. ஆனா மெல்ல மெல்லத் தேறி இசைக்கே திரும்பிட்டார். 2013-ல கான்சாஸோட 40-ஆவது ஆண்டுக் கச்சேரியில பழைய நண்பர்களோட மேடையும் ஏறினார்.

ரெண்டு பேர், ஒரே மதம், ஒரே மாதிரி இசை. ஒருத்தருக்குப் பேச்சு வந்தது, ஒருத்தருக்குக் குரல் வரல. ஏன்? ஒண்ணு மூளையில ரத்த ஓட்டம் தடைப்பட்டு வர்ற பாதிப்பு. அதுல தப்பிச்ச பகுதிகள் இழந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்க வாய்ப்பு இருக்கு. இன்னொண்ணு நாள்பட்டு நிக்கிற சிக்னல் கோளாறு. நோய் வேற, அதனால முடிவும் வேற. இதுல யாரோட விசுவாசம் எத்தனை கிலோன்னு அளக்க இடமே இல்ல. லிவ்கிரன் தன் மீட்சிக்குக் கடவுளுக்கு நன்றி சொன்னா அதுல எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. அந்த நன்றியை எடுத்து மார்க் மேல குற்றப்பத்திரிகையா வீசுறதுதான் தப்பு.

ஹைத்தி, ஆறுதல் பரிசா?

மார்க் கதையைச் சொல்றவங்க வழக்கமா இன்னொண்ணும் சொல்வாங்க: "கடவுள் குரலை எடுத்துக்கிட்டு அதைவிடப் பெரிசா ஒண்ணு கொடுத்தார்." அவங்க சொல்றது ஹைத்தியில இருக்குற குழந்தைகள் இல்லத்தை. மார்க்கோட பெற்றோர் ஹைத்தியில மிஷனரியா இருந்தவங்க. தெற்குக் கரையில இருக்குற ஜாக்மெல் ஊர்ல, ஆதரவில்லாத குழந்தைகளுக்காக பேண்ட் ஒரு இல்லம் தொடங்கிச்சு. பேர், அவங்களோட ஒரு பாட்டுத் தலைப்பு: 'ஹேண்ட்ஸ் அண்ட் ஃபீட்'. 2010 ஜனவரி 12-ல 7.0 அளவு நிலநடுக்கம் ஹைத்தியைப் புரட்டிப் போட்டப்போ ஜாக்மெல்லும் பலமா அடிபட்டது. ஏற்கெனவே அங்க வேர் விட்டிருந்த அமைப்புங்கிறதால இவங்களுக்கு உடனே வேலையில இறங்க முடிஞ்சது.

ஆனா தேதியைப் பாருங்க. அந்த இல்லம் தொடங்கினது 2004. பேண்ட் ஓய்வை அறிவிச்சது 2006. முதல் கிராமி வாங்கின அதே வருஷம் அவங்க அந்த வேலையை ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் எப்படி அது குரல் போனதுக்குக் கிடைச்ச நஷ்டஈடு ஆகும்?

2019-ல வந்த தன் வரலாற்று நூலுக்கு மார்க் வெச்ச பேர் 'லூசிங் மை வாய்ஸ் டு ஃபைண்ட் இட்'. குரலை இழந்துதான் குரலைக் கண்டுபிடிச்சேன்னு அர்த்தம் வர்ற தலைப்பு. அப்படின்னா அவரே தன் இழப்புக்கு ஒரு அர்த்தம் கொடுக்குறாரே, அது தப்பான்னு கேக்கலாம். தப்பே இல்ல. அது அவரோட நோய், அவரோட வருஷங்கள், அவரோட கடவுள். அர்த்தம் சொல்ற உரிமை அவருக்கு முழுசா உண்டு. நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்: அந்த உரிமை அனுபவிச்சவங்களுக்கு மட்டும்தான். படுக்கை பக்கத்துல ஆப்பிளும் ஹார்லிக்ஸுமா வந்து பத்து நிமிஷம் உக்கார்ற நமக்கு அது கிடையாது.

ஜெபத்துக்கு எதிரா நான் எழுதலீங்க. ஜெபம் அந்த வீட்டுக்கு எவ்வளவு தெம்பு கொடுக்குதுன்னு நேர்லயே பார்த்தேன். ராத்திரி அந்தக் கரகரக் குரல்லயே ஆன்ட்டி ஜெபம் பண்ணும்போது அவங்க முகம் அமைதியா இருந்தது. அந்த அமைதியைக் கெடுத்தது நோய் இல்ல. பவுலுக்கும் உடம்புல ஒரு முள் இருந்ததாம், மூணு தடவை வேண்டியும் அது எடுக்கப்படலையாம். ரூம்மேட்தான் சொன்னான். பவுலையே "இன்னும் விசுவாசத்தோட ஜெபம் பண்ணுங்க"ன்னு திருத்த யாரும் கிளம்பியிருக்க மாட்டாங்கல்ல?

சாமி நம்பிக்கை இல்லாத நம்ம ஆட்களும் உடனே காலரைத் தூக்கிக்க வேண்டாம். "பாசிட்டிவ்வா இரு", "எல்லாம் வில்பவர்தான்", "நீ ஃபைட்டர்டா"ன்னு நாம சொல்றதும் இதே சரக்குதான். குணமாகலைன்னா அவன் சரியா ஃபைட் பண்ணலன்னுதானே அர்த்தம் வருது? டிப்ரஷன்ல இருக்குற கிளாஸ்மேட் மாத்திரை சாப்பிட்டா "மைண்ட் ஸ்ட்ராங்கா இருந்தா இதெல்லாம் தேவையில்ல"ன்னு சொன்னவங்க நம்ம ஹாஸ்டல்லயே இருக்காங்க. அதைக் கேட்டு அவன் மாத்திரையை நிறுத்தினா யார் பொறுப்பு?

ஆன்ட்டி திரும்பவும் குரல் பயிற்சிக்குப் போறாங்க. மார்க் ஸ்டூவர்ட் கதையை ரூம்மேட் போன்ல சொன்னானாம். முழுசாக் கேட்டுட்டு, "அவருக்குக் கடைசிவரை வரலையா?"ன்னு மட்டும் கேட்டாங்களாம். வரலன்னு சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, அடுத்த பயிற்சி என்ன கிழமைன்னு விசாரிச்சாங்களாம்.

அடுத்த லீவுக்கும் அங்க போறேன். "குரல் எப்படி இருக்கு ஆன்ட்டி?"ன்னு கேட்டுட்டு, அவங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டு, காபி டம்ளரை நானே கழுவி வைக்கப் போறேன். அறிவுரை எதுவும் இல்ல.