பட்டயக் கணக்காளர் தேர்வு: இட வரம்பு இல்லை, வாசல் யாருக்கு?

உயர்கல்வியில் சமூகநீதி குறித்த நமது விவாதங்கள் மருத்துவம், பொறியியல், குடிமைப்பணி ஆகிய மூன்றையே பெரும்பாலும் சுற்றி வருகின்றன. நீட் தேர்வு குறித்து நாம் போராடியிருக்கிறோம், வழக்காடியிருக்கிறோம், எழுதியும் இருக்கிறோம். ஆனால் ஒரு நிறுவனத்தின் பணம் எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது என்பதற்குச் சான்றளிக்கும் அதிகாரத்தை வழங்கும் ஒரு தேர்வைப் பற்றி நம் இயக்கங்கள் பேசியது மிகக் குறைவு. பட்டயக் கணக்காளர் தேர்வு, அதாவது சி.ஏ. தேர்வு, அத்தகையது.

1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர்கள் சட்டத்தின் கீழ் உருவாக்கப்பட்ட இந்தியப் பட்டயக் கணக்காளர்கள் நிறுவனம் இத்தேர்வை நடத்துகிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, ஒரு கம்பெனியின் தணிக்கையாளராகப் பட்டயக் கணக்காளரோ அவர்களது கூட்டு நிறுவனமோதான் நியமிக்கப்பட முடியும். வருமான வரிச் சட்டம் கோரும் தணிக்கை அறிக்கையிலும் அவர்களது கையொப்பமே வேண்டும். எனவே இது வேலைவாய்ப்பு பற்றிய பிரச்சினை மட்டுமன்று. நாட்டின் செல்வத்தைக் கணக்கிடும் உரிமை யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்வியும் இதில் அடங்கியுள்ளது.

நமக்கு இதில் நேரடித் தேவையும் உண்டு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்படும் நிதி அவர்களுக்கே செலவிடப்பட வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் நடைமுறையில் மதிக்கப்படுகிறதா என்பதைக் கண்டறிய, வரவு செலவு ஆவணங்களைப் படித்துக் கேள்வி எழுப்பத் தெரிந்தவர்கள் நம்மிடையே வேண்டும். மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் கடனும் மானியமும் கோரும் தலித் தொழில்முனைவோர், திட்ட அறிக்கைக்கும் கணக்குகளுக்கும் யாரிடம் போய் நிற்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தாலே இத்தேவையின் அளவு விளங்கும்.

இட ஒதுக்கீடு எட்டாத களம்

இத்தேர்வில் இட ஒதுக்கீடு இல்லை. அதற்குச் சொல்லப்படும் விளக்கம் எளிமையானது: இங்கே 'இடங்கள்' என்று எதுவும் இல்லை, தகுதி மதிப்பெண் பெறும் எவரும் தேர்ச்சி அடையலாம். ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 விழுக்காடு, தாள்தொகுதியின் மொத்தத்தில் குறைந்தது 50 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. அரசமைப்புச் சட்டத்தின் 15(4), 15(5) ஆகிய பிரிவுகள் கல்வி நிறுவனச் சேர்க்கையையும், 16(4) அரசுப் பணியையும் மையமாகக் கொண்டவை. இடங்களுக்கு எண்ணிக்கை வரையறுக்கப்படாத ஒரு தகுதித் தேர்வை இவை எளிதில் எட்டுவதில்லை.

இதனாலேயே இத்தேர்வு 'தூய தகுதி'யின் எடுத்துக்காட்டாக முன்வைக்கப்படுகிறது. இறுதித் தேர்வின் இரு தொகுதிகளையும் ஒருசேர எழுதியோரில் 2023 நவம்பரில் தேர்ச்சி பெற்றவர்கள் 9.42 விழுக்காட்டினர், 2024 மே மாதத்தில் 19.88 விழுக்காட்டினர். இவ்வளவு கடினமான தேர்வில் வென்றவர் தம் உழைப்பால் மட்டுமே வென்றார் என்று நம்புவது எளிது. அவர்களது உழைப்பை நாம் மறுக்கவில்லை. அதே அளவு உழைக்க ஆயத்தமாக உள்ள மற்றொரு மாணவர் தேர்வறையை அடைவதற்கு முன்பே எங்கெங்கு நிறுத்தப்படுகிறார் என்பதே நமது கேள்வி.

இக்கேள்விக்கு எண்களால் விடை காணவும் வழியில்லை. ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும் எத்தனை பேர் எழுதினர், எத்தனை பேர் தேறினர் என்று அறிவிக்கும் நிறுவனம், அவர்களுள் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எத்தனை பேர் என்பதை அறிவிப்பதில்லை. கணக்கு எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஓர் அமைப்பில் இந்தப் பத்தி மட்டும் எழுதப்படாமல் இருக்கிறது.

நூல் இருக்கிறது, மொழி இல்லை

இத்தேர்வு முறையில் ஓரளவு சமத்துவம் உள்ள இடம் என்று பாடநூலைச் சொல்லலாம். நிறுவனமே எழுதி வெளியிடும் பாடத்தொகுப்புகள், மீள்பார்வைத் தேர்வுத் தாள்கள், மாதிரித் தேர்வுத் தாள்கள், கடந்த தேர்வுகளுக்கான பரிந்துரை விடைகள் ஆகிய அனைத்தும் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெருந்தொகை வாங்கும் தனியார் பயிற்சி மையங்களின் குறிப்பேடுகள் இவற்றிலிருந்தே கிளைத்தவை. கைப்பேசி வைத்திருக்கும் எந்த மாணவரும் இவற்றைப் பதிவிறக்கிக்கொள்ள முடியும்.

ஆனால் இந்நூல்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே உள்ளன. தேர்வையும் இவ்விரு மொழிகளில் மட்டுமே எழுதலாம். தமிழில் எழுத இயலாது.

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் வணிகவியல் பிரிவு பயின்ற மாணவியை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இருப்புநிலைக் குறிப்பு, தேய்மானம், கடனீந்தோர், வாராக்கடன், கூட்டாண்மையின் நற்பெயர் மதிப்பீடு ஆகிய அனைத்தையும் அவர் கற்றுத் தேர்ந்திருப்பார். பற்று எது, வரவு எது என்பதில் அவருக்கு ஐயமில்லை. அடிப்படைத் தேர்வின் கணக்கியல் நூலைத் திறந்ததும், தாம் அறிந்த அதே பொருளைப் பற்றி ஒன்றுமே அறியாதவராக அவர் ஆக்கப்படுகிறார். கணக்குத் தெரியாததால் அவர் தடுமாறவில்லை. தெரிந்த கணக்கின் பெயர்கள் அனைத்தும் ஒரே நாளில் மாற்றப்பட்டுவிட்டதால் தடுமாறுகிறார். வணிகச் சட்டத் தாளில் இது இன்னும் கடுமையாகிறது. அங்கே ஒப்பந்தம் குறித்த சிக்கலுக்குச் சட்ட விதியைச் சொல்லி, காரணம் காட்டி, முடிவை விரிவாக எழுத வேண்டும். இரு ஆண்டுகள் ஆங்கிலவழிப் பள்ளிக்குக் கட்டணம் செலுத்திய குடும்பத்துக்கும், செலுத்த இயலாத குடும்பத்துக்கும் இடையிலான வேறுபாடு இங்கே மதிப்பெண்ணாக மாறுகிறது. பின்னர் அதுவே 'தகுதி' என்று அழைக்கப்படுகிறது.

கணக்காளர் தொழிலே ஆங்கிலத்தில் நடக்கிறது, ஆகவே தேர்வும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சிலர் வாதிடுவர். இந்தியில் எழுத அனுமதித்த நாளிலேயே அந்த வாதம் வலுவிழந்துவிட்டது. நீட் தேர்வு தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் நடைபெறுகிறது. குடிமைப்பணி முதன்மைத் தேர்வை எட்டாவது அட்டவணை மொழிகளில் எழுதலாம். வழக்கறிஞர்களுக்கான அகில இந்தியத் தகுதித் தேர்வைத் தமிழில் எழுதலாம். அப்படித் தேறியவர்கள் நீதிமன்றங்களில் வழக்காடுகிறார்கள். சட்டத்தைத் தமிழில் எழுதித் தொழிலுக்கு வர முடியுமென்றால், கணக்கைத் தமிழில் எழுதக் கூடாது என்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

பழைய புத்தகத்துக்குக் கொடுக்கும் விலை

மொழித் தடையைக் கடந்தவருக்கு அடுத்த தடை காத்திருக்கிறது. கணக்குத் தேர்வின் பாடம் ஆண்டுதோறும் மாறுவது. நிதிச் சட்டம் வரி விகிதங்களை மாற்றும். சரக்கு மற்றும் சேவை வரி விதிகள் திருத்தப்படும். ஒவ்வொரு தேர்வுக்கும் எந்த நாள் வரையிலான திருத்தங்கள் பொருந்தும் என்று நிறுவனம் அறிவிக்கிறது. 2023ஆம் ஆண்டு புதிய பாடத்திட்டம் வந்தது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததால், நெடுங்காலம் மனனம் செய்யப்பட்ட பிரிவு எண்கள்கூட மாறிவிட்டன.

இலக்கியமோ வரலாறோ படிப்பவர் பழைய புத்தகக் கடையில் நூல் வாங்கிப் படித்துத் தேறிவிடலாம். கணக்காளர் தேர்வுக்கு மூன்றாண்டுக்கு முந்தைய வரிச்சட்ட நூலை வாங்குபவர், தவறான விடையைக் காசு கொடுத்து வாங்குகிறார். கல்லூரி நூலக அலமாரிகளில் காலாவதியான பதிப்புகள் அப்படியே இருப்பதும் இதே கேட்டைச் செய்கிறது. முதல் தலைமுறை மாணவருக்கு இதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. தணிக்கையாளர் குடும்பத்து மாணவருக்கு இது உணவு மேசைப் பேச்சிலேயே தெரிந்துவிடுகிறது.

இவ்விடத்தில் மீள்பார்வைத் தேர்வுத் தாள் நமக்குப் பெரிதும் உதவும். ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னர் வெளியாகும் இத்தொகுப்பில், அத்தேர்வுக்குப் பொருந்தும் திருத்தங்களும் பயிற்சி வினாக்களும் விடைகளும் இருக்கும். பாடத்தொகுப்பை ஒருமுறை முழுமையாகப் படித்து, அதன் பயிற்சிகளைக் கையால் எழுதிப் பார்த்து, பின்னர் மீள்பார்வைத் தாளையும் மாதிரித் தேர்வையும் கடிகாரம் வைத்து எழுதுபவர், பயிற்சி மையத்துக்குச் செல்லாமலேயே பெரும்பகுதி தொலைவைக் கடந்துவிடலாம். ஒரு தாளில் 60 மதிப்பெண் எடுத்து, தொகுதியில் தேறாமல் போனாலும், அடுத்த மூன்று தேர்வு வாய்ப்புகளுக்கு அத்தாளிலிருந்து விலக்கு உண்டு. அடிப்படைத் தேர்வின் கொள்குறி வினாத் தாள்களில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறைக்கப்படும். இத்தகைய விதிகளை அறிந்திருப்பதும் தேர்ச்சியின் ஒரு பகுதியே.

அலுவலகத்தின் கதவு

இடைநிலைத் தேர்வில் வென்றவர், ஒரு பட்டயக் கணக்காளரின் கீழ் இரண்டாண்டுகள் 'ஆர்ட்டிகல்ஷிப்' எனப்படும் செய்முறைப் பயிற்சி பெற வேண்டும். அதை முடிக்காமல் இறுதித் தேர்வு எழுத முடியாது. பயிற்சி அளிக்க ஒருவர் முன்வர வேண்டும். யாரைச் சேர்ப்பது என்பதை முடிவு செய்பவர் அவரே. இட வரம்பற்ற தேர்வு என்ற பெருமை இங்கே முடிந்துவிடுகிறது. உண்மையில் இங்கேதான் இடங்கள் உள்ளன. அவை தனியாரின் கையில் உள்ளன.

அறிந்தவர் வழியாக, உறவினர் வழியாக, ஒரே சமூகத்தவர் வழியாக அலுவலகம் கிடைப்பது இத்துறையில் இயல்பாகக் கருதப்படுகிறது. தன்விவரக் குறிப்பில் எழுதப்படும் முகவரியே பலவற்றைச் சொல்லிவிடும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டு அறிவித்ததன் காரணம் நாம் அறிந்ததே. 'இடமில்லை' என்று சொல்லப்படும்போது அதற்கான காரணம் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத காரணத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது எவ்வளவு கடினம் என்பதை வழக்கறிஞர்களாகிய நாம் நன்கறிவோம்.

இடம் கிடைத்தவருக்கும் பிழைப்பு எளிதன்று. குறைந்தபட்ச உதவித்தொகை ஊரின் மக்கள்தொகைக்கேற்ப வரையறுக்கப்பட்டுள்ளது. சென்னை போன்ற நகரில் அறை வாடகைக்கும் உணவுக்கும் அது போதாது. பயிற்சிக் காலத்தில் அனுமதியின்றி வேறு வேலை பார்க்கவும் விதி இடந்தராது. இரண்டாண்டுகள் மகனையோ மகளையோ தாங்கும் வருவாய் உள்ள குடும்பத்தை மனத்தில் கொண்டே இம்முறை அமைந்துள்ளது. கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளை இடைநிலைத் தேர்வில் வென்ற பின்னரும் ஏதோ ஒரு கடையில் கணக்கெழுதும் வேலைக்குச் சென்றுவிடுவது இதனால்தான்.

நாம் கேட்பது

தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைக்கும்படி நாம் கேட்கவில்லை. முதலாவதாக, அடிப்படைத் தேர்வில் தொடங்கி, தமிழ் உள்ளிட்ட எட்டாவது அட்டவணை மொழிகளில் தேர்வெழுத அனுமதியும் பாடநூலும் வேண்டும். அதுவரை, பள்ளிப் பாடநூலின் தமிழ்ச் சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் இணைக்கும் கலைச்சொல் கையேட்டையாவது மாநில அரசு உடனே வெளியிடலாம். இரண்டாவதாக, பயிற்சிக் காலத்தில் வாழ்வதற்குப் போதுமான உதவித்தொகையை அரசு வழங்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்கு இத்தேர்வுக்கான பயிற்சியளிக்க முன்வந்துள்ள தாட்கோ, பயிற்சி வகுப்போடு நின்றுவிடாமல், அலுவலகத்தில் இடம் பெற்றுத் தருவது வரை உடன் நிற்க வேண்டும். மூன்றாவதாக, தேர்வு முடிவுகளும் பயிற்சிச் சேர்க்கையும் சாதிவாரியாக வெளியிடப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகளை யாரிடம் வைப்பது என்பதிலும் குழப்பம் வேண்டாம். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி, நிறுவனத்தின் ஒழுங்குமுறைகள் முன்கூட்டியே வெளியிடப்பட்டு, ஒன்றிய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும். எனவே 'அது தன்னாட்சி அமைப்பு' என்று கூறி ஒன்றிய அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. வரைவு ஒழுங்குமுறைகள் வெளியாகும்போதெல்லாம் மாணவர் அமைப்புகள் எழுத்துப்பூர்வமாகக் கருத்துரைக்க வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் எழுப்ப வேண்டும்.

அரசு அசையும் வரை மாணவர்கள் காத்திருக்கவும் இயலாது. சேரிகளில் இரவுப் பள்ளி நடத்திய மரபு நம்முடையது. ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் ஐந்து மாணவர்கள் சேர்ந்தால் ஒரு படிப்பு வட்டம் உருவாகிவிடும். நடப்புப் பதிப்பில் ஓர் அச்சுப் பிரதி, அத்தேர்வுக்குரிய மீள்பார்வைத் தாள், வாரம் ஒரு மாதிரித் தேர்வு, விடைகளைத் தமிழில் விவாதித்து ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கும் பழக்கம் ஆகியவையே தொடங்குவதற்குப் போதும். ஏற்கெனவே இத்தொழிலில் உள்ள தலித் கணக்காளர்கள் தம் அலுவலகத்தில் ஆண்டுக்கு ஒரு பயிற்சி இடத்தையேனும் முதல் தலைமுறை மாணவருக்கென ஒதுக்க முன்வந்தால், சட்டம் தராத இட ஒதுக்கீட்டை நாமே தொடங்கிவைத்தவர்கள் ஆவோம்.