முகம் மறைந்த படம்

மாலை வேளையிற் பண்ணைப் பாலத்தில் நின்று மேற்கே நோக்குவோர், படம் எடுக்காமல் அகல்வது அரிது. யாழ்ப்பாணத்தைத் தீவகத்தோடு இணைக்கும் அவ்வழியின் இருமருங்கும் ஆழமற்ற கடலேரி. காற்று அடங்கினால் அது கண்ணாடியாகிச் செவ்வானத்தை இரட்டித்துக் காட்டும்.

சாயும் ஞாயிற்றின் ஒளி நெடுந்தூரம் காற்றைக் கடந்து வருகையில், நீலம் சிதறிப்போகச் செந்நிறமே மிஞ்சுகின்றது. அச்செம்மைக்கு இசைந்த படக்கருவி, எதிரே நிற்பவற்றைக் கறுப்பாக்கிவிடுகின்றது. 1658 இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையும் இவ்வாறே கரிய வடிவமாகும். கல்லுக்கு அதனாற் குறையில்லை. ஆனால், இடுப்பளவு நீரில் நின்று வலை இழுக்கும் மீனவரோ முகமற்ற நிழலாகிவிடுகின்றார். அந்நிழலே படத்துக்கு அழகென்று நாமும் வியந்ததுண்டு. நமக்கு அமைதியாய்த் தோன்றும் நீர், அவருக்கு உழைப்புக் களமன்றோ?

பரிகாரம் எளிது. ஞாயிற்றை முதுகுப்புறமாக்கிச் சற்றே திரும்பி நில்லுங்கள். கிழக்குப் பக்கத்து நீரில் நிற்பவர் முகத்தில் அதே பொன்னொளி விழக் காண்பீர்கள். அவர் இசைவு பெற்று அம்முகத்தையும் ஒருமுறை படமாக்குவோம். செவ்வானம் நாளையும் வரும்.