உறங்குதல் என்னும் வினை

ஆங்கில இலக்கணத்தில் உறங்குதலைக் குறிக்கும் 'ஸ்லீப்' என்னுஞ் சொல் ஒழுங்கற்ற வினைகளின் வரிசையில் நிற்கின்றது. இறந்தகாலத்தில் அதன் நெட்டுயிர் குறுகி 'ஸ்லெப்ட்' என வரும். 'கீப்' என்பது 'கெப்ட்' என்றும், 'வீப்' என்பது 'வெப்ட்' என்றும் வருதல் போல. இவ்வொழுங்கின்மையைப் பள்ளிப் பருவத்திலேயே மனனஞ் செய்த நாம், நம் உறக்கத்தின் ஒழுங்கின்மையைக் குறித்துக் கவலை கொள்வதில்லை. தேர்வுக்கு முந்திய இரவு முழுதும் கண்விழித்துப் படித்தலை வீரமென்று மாணாக்கர் பலர் கருதுகின்றனர். அது வீரமன்று, இழப்பே என்பது என் துணிபு.

ஆங்கிலேயர் படுக்கச் செல்லுதலைக் 'கோ டு பெட்' என்றும், உறக்கம் தழுவுதலை 'ஃபால் அஸ்லீப்', அதாவது உறக்கத்தில் வீழ்தல் என்றும் பிரித்துரைப்பர். முன்னது நாம் செய்வது. பின்னது நமக்கு நேர்வது. இவ்வேறுபாட்டைத் தமிழும் அறியும். 'நான் படுத்தேன்' என்புழி நானே எழுவாய். 'எனக்கு உறக்கம் வந்தது' என்புழியோ உறக்கம் எழுவாயாக, நான் நான்காம் வேற்றுமையேற்று ஒதுங்கி நிற்கின்றேன். ஆகவே உறக்கத்தை ஆணையிட்டு அழைத்தல் ஒருவர்க்கும் இயலாது. நாடோறும் குறித்த நேரத்திற் படுத்தலே நம் கையிலுள்ளது. படுத்தபின்னும் கைப்பேசியை நோக்கிக் கிடப்பார்க்கு அதன் ஒளி உறக்கத்தின் வரவைத் தாழ்த்துகின்றது.

இவ்வினையின் காலங்களும் சிந்திக்கத்தக்கன. 'உறங்குகின்றேன்' என்று விடையிறுப்பவன் விழித்திருக்கின்றான் என்பது அவ்விடையாலேயே விளங்கும். மாணாக்கர் பெரிதும் விரும்புவது எதிர்காலமே. 'தேர்வு முடிந்தபின் உறங்குவேன்' என்பர். ஆயின், பகலிற் கற்றதை நினைவில் ஊன்றுவது அன்றிரவு கொள்ளும் உறக்கமன்றோ? 24 மணி நேரம் விழித்திருந்தவரின் செயற்றிறன், குருதியில் 0.10 சதவீதம் மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்கின்றதென ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளரான டாசன், ரீட் என்பார் 1997-இல் வெளியிட்டனர். மதுவுண்டு தேர்வெழுதப் புகுவாரை நாம் வீரரென்போமோ? 18 முதல் 25 வயதினர்க்கு 7 முதல் 9 மணி நேர உறக்கம் தக்கதென்று 2015-இல் அமெரிக்க தேசிய உறக்க நிறுவனம் அறிவுறுத்திற்று.

அரசர்க்குரிய பண்புகளுள் 'தூங்காமை'யைத் திருக்குறள் எண்ணிற்றே எனின், ஆண்டுத் தூங்குதல் என்பதற்குக் காலந் தாழ்த்தல் என்பதே பொருள். அப்பொருளில் தூங்காது நாடோறும் பாடங்களைப் பயின்றவர், தேர்வுக்கு முந்திய இரவில் அச்சமின்றி உறங்கலாம்.

ஆதலின், நண்பர்களே, படிக்கும் நேரத்தை வரையறுக்கும் அட்டவணையில் படுக்கும் நேரத்தையும் மாறாதபடி எழுதிக்கொள்வோமாக. வினை ஒழுங்கற்றதாயினும், வினைமுதல் ஒழுங்குடையராதல் கூடும்.