யாருக்கு வைத்தியம்?

1851-ல் அமெரிக்காவின் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் ஒரு புதிய மனநோயை அறிவித்தார். பண்ணையை விட்டுத் தப்பி ஓடும் கறுப்பின அடிமைகளுக்குப் புத்திக்கோளாறாம். அதற்கு 'டிராப்டோமேனியா' என்று பெயரும் வைத்தார். அவர் சொன்ன வைத்தியங்களில் சவுக்கடியும் ஒன்று! அடிமைமுறை சரி, ஓடுகிறவன் மனம்தான் கெட்டது என்பதே அந்தக் கோட்பாடு.

மனநோய்க்குக் காரணம் சொல்வதிலும் அதிகாரம் இருக்கிறது. பள்ளியிலோ வேலையிடத்திலோ சாதி சொல்லி இழிவுபடுத்தப்பட்ட பிள்ளை தூக்கமிழந்து, பேச்சைக் குறைத்துக்கொண்டால் ஊர் என்ன சொல்கிறது? 'பேய் பிடித்திருக்கிறது' என்கிறது. படித்தவர்களோ 'மன உறுதி இல்லை' என்கிறார்கள். இரண்டு பேச்சுமே இழிவுபடுத்தியவரைத் தப்பவிடுகின்றன.

மருத்துவம் இன்று ஒற்றைக் காரணம் சொல்வதில்லை. பரம்பரை, மூளையின் செயல்பாடு, வளர்ந்த விதம், வாழ்க்கை நெருக்கடி ஆகியவை சேர்ந்தே நோயை உண்டாக்குகின்றன. உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 1977-லேயே எழுதினார் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல். அந்தச் சமூகம் என்ற சொல்லுக்குள் நம் நாட்டில் சாதியும் அடக்கம்.

ஆகவே, பூசாரியோடு நின்றுவிடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். தொடங்கிய மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அதோடு புகாரும் கொடுங்கள். பட்டியல் சாதியினரைப் பிற சாதியினர் பலர் காணச் சாதிப்பெயர் சொல்லித் திட்டுவது, 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பிள்ளைக்கு மருந்து கொடுத்து, காயப்படுத்தியவரை விட்டுவிட்டால் அது பாதி வைத்தியம்தான்.